கோர்தொபா, கொர்தொபேஸ்

மெக்சிகோவின் புவேப்லா நகரத்தில் எனக்கு ஸ்பானிஷ் கற்பித்த அம்மையார் வினைச்சொல்லில் தொடங்கவில்லை, ஊர்க்காரர்களில் தொடங்கினார். இந்த நாட்டில் யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி எந்த ஊர் என்பதுதான், அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால் மற்ற இலக்கணமெல்லாம் பின்னால் தானே வரும் என்பது அவர் கட்சி. ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அங்கே ஆசிரியையை ‘மயேஸ்த்ரா’ என்று அழைப்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவர் என்னை ‘ஹோவென்’ என்பார். நம்மூரில் வயதில் பெரியவர்கள் ‘தம்பி’ என்கிற அதே தொனி.

வாகன உதிரிபாக வேலைக்காக அந்த ஊருக்குப் போயிருந்தேன். தொழிற்சாலையில் எண்களும் கை ஜாடையும் போதுமாக இருந்தன. ஆனால் சாப்பாட்டு மேசையில் பேச்சு எனக்கு எட்டாத வேகத்தில் ஓடியது. அதனால்தான் மாலை நேரங்களில் மயேஸ்த்ராவின் வீட்டு மொட்டைமாடிக்குப் போகத் தொடங்கினேன்.

அவருடைய முறை எளிது. முகவாய்க்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொல்லைச் சொல்ல வேண்டும். முகவாய் எத்தனை தடவை கையில் இடிக்கிறதோ அத்தனை அசை. பிறகு, தெருக்கோடியில் போகிற ஒருவரைக் கூப்பிடுவதுபோல் அதே சொல்லை உரக்க இழுத்துச் சொல்ல வேண்டும். குரல் தானாக எந்த அசையில் நீள்கிறதோ அதில்தான் அழுத்தம். மெக்சிகோ முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் இப்படித்தான் கற்கிறார்கள் என்றார். நானும் மாடியிலிருந்து ‘மெஹிகாஆஆனொ’ என்று கூப்பிட்டேன்.

தமிழ்க்காதுக்கு இந்த அழுத்தம் புதிது. நாம் ஒரு சொல்லுக்குள் ஓர் அசையை மட்டும் ஓங்கிச் சொல்லிப் பொருளை மாற்றுவதில்லை. நமக்குக் குறிலும் நெடிலும்தான் கணக்கு. படு வேறு, பாடு வேறு. ஸ்பானிஷில் அந்தக் கணக்கு இல்லை. ஐந்தே உயிர்கள், குறில் நெடில் என்ற பிரிவும் கிடையாது. ஆனால் அழுத்தம் விழுகிற உயிர் சற்று நீளும். என் காது அந்த நீட்சியை நெடிலாகவே வாங்கிக்கொண்டது. ஆகவே நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி, அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் வைத்தேன். எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் எழுத்தில் தெளிவாகப் பிரித்துக் கொடுத்த வீரமாமுனிவரை அந்த மாடியில் நன்றியோடு நினைத்துக்கொண்டேன். நாட்டின் பெயர் மே-ஹி-கொ. அந்நாட்டவர் மெ-ஹி-கா-னொ. மசூதி-கதீட்ரலுக்குப் பேர்போன ஸ்பெயின் நகரம் கோர்-தொ-ப. அந்த ஊர்க்காரர் கொர்-தொ-பேஸ். கோ எப்படிக் கொ ஆகிவிட்டது என்று எழுத்திலேயே தெரிகிறதல்லவா, அதுதான் நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும். ஊர் ஆளாக மாறும்போது, பெரும்பாலும், அழுத்தம் ஊர்ப்பெயரின் பழைய இடத்தை விட்டு விகுதியில் போய் உட்கார்ந்துவிடும்.

இந்த வகைச் சொல்லுக்கு அவர்கள் ‘ஹென்திலீஸ்யொ’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் தொல்காப்பியம் இதையே நிலப்பெயர் என்று சொல்லும். அருவாளன், சோழியன் என்று உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். இன்றைய பேச்சில் நமக்குக் ‘காரர்’ ஒன்றே போதும். மதுரைக்காரர் என்றாலும் மதுரை சிதையாமல் அப்படியே நிற்கிறது. ஸ்பானிஷில் ஊர் குலுங்கும். சில ஊர்களின் உயிரெழுத்தே மாறிவிடும்.

நான் குடியிருந்த ஊரே அதற்குச் சான்று. ஊர் ப்வே-ப்ல. ஊர்க்காரர் பொ-ப்லா-னொ. ‘ப்வே’ எங்கே போயிற்று என்று கேட்டேன். மயேஸ்த்ரா அதற்காகவே காத்திருந்தவர்போல விளக்கினார். லத்தீனில் குறில் ஒகரமாக இருந்தது, அழுத்தம் விழுந்த அசைகளில் காஸ்தீலியப் பேச்சில் ‘வெ’ என்று விரிந்துவிட்டது. அழுத்தம் விழாத அசைகளில் பழைய ஒகரமே தங்கிவிட்டது. கதவு ப்வேர்-த, வாயில் காப்பவர், கால்பந்து என்றால் கோல்கீப்பர், பொர்-தே-ரொ. வெ-னெ-ஸ்வே-ல நாட்டில் பிறந்தவர் வெ-னெ-ஸொ-லா-னொ. அழுத்தம் நகர்ந்ததும் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒலி வெளியே வருகிறது. சந்தையில் குவித்து வைத்திருந்த பெரிய பச்சை மிளகாயை ‘சீலே பொப்லானொ’ என்று விற்றார்கள். மிளகாயும் சாக்லேட்டும் சேர்த்துக் காய்ச்சும் குழம்பு ‘மோலே பொப்லானொ’. அந்த ஒகரத்தைக் கேட்கும்போதெல்லாம் 1531-இல் எழுந்த அந்த ஊருக்குள் அதைவிடப் பழைய ஒன்று ஒலிப்பதாக எனக்குத் தோன்றும்.

இந்த விதி கடலைக் கடக்கும்போது எப்போதும் கூடவே வருவதில்லை. எங்கள் பிரிவில் ஈக்வடோர்க்காரர் ஒருவர் இருந்தார். அந்நாட்டின் குவென்கா அவர் ஊர். தன்னைக் க்வென்-கா-னொ என்பார். ஸ்பெயினிலும் ஒரு குவென்கா உண்டு. அங்கே பிறந்தவரோ கொன்-கேன்-ஸெ. ஸ்பெயின் சொல்லில் பழைய ஒகரம் மீள்கிறது. 1557-இல் ஆந்தீஸ் மலையில் பெயர் சூட்டப்பட்ட ஊரின் சொல்லில் மீளவில்லை. பெயர் கப்பலேறும்போதே முழுசாக இறுகிப் போயிருந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன். ஒரே பெயர்கொண்ட இரண்டு ஊர்கள். ஊர்க்காரரின் முதல் அசையைக் கேட்டாலே எந்தக் கரை என்று தெரிந்துவிடும்.

எழுத்தில் அழுத்தக் குறி எப்போது வரும் என்ற விதியை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயிரிலோ ன், ஸ் ஒலிகளிலோ முடியும் சொல்லுக்குக் கடைசிக்கு முந்திய அசையில் அழுத்தம் இயல்பு. வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில். இயல்பை மீறினால் உயிரின் தலையில் ‘தில்தே’ என்ற சாய்கோடு. அதனால் கொர்தொபேஸ் என்பதற்குக் கோடு வேண்டும். பெண்ணானால் கொர்-தொ-பே-ஸ, பலரானால் கொர்-தொ-பே-ஸெஸ். இரண்டிலும் கோடு மறைந்துவிடும். அழுத்தம் நகரவே இல்லை, அதே ‘பே’யில்தான் இருக்கிறது, பின்னால் ஓர் அசை கூடியதால் அதுவே இயல்பான இடம் ஆகிவிட்டது. இதை ஒருமுறை கையால் எழுதிப் பார்த்தவர்களுக்கு மறக்காது.

எனக்கு விதிகளைவிட விகுதிகள்தான் பிடித்துப்போயின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாசல் வழியாக வந்தது. லத்தீனின் ஒரே விகுதி இரண்டாகப் பிரிந்து, மக்கள் வாயில் தேய்ந்து ‘ஏஸ்’ ஆகவும், படித்தவர்கள் வழியே ‘ஏன்ஸெ’ ஆகவும் நிற்கிறது. கோஸ்தாரீக்காக்காரர் கொஸ்-த-ர்ரி-ஸேன்-ஸெ என்று நீளமாக வருவது இரண்டாவது வகை. அரபியின் ஈகார விகுதி இன்னும் ஸ்பெயினில் உயிரோடு இருக்கிறது. மார்பேயா என்ற தென்கரை ஊரில் பிறந்தவர் மர்-பெ-யீ. இரானி, இராக்கி என்று நாம் சொல்லுகிறோமே அதே ஈகாரம். அழுத்தம் எப்போதும் கடைசியில். கிரனாதா வீழ்ந்தது 1492-இல். அந்த விகுதி மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை.

இவை எல்லாவற்றிலும் என்னை ஆழமாகத் தொட்டது நாவாத்ல் விகுதி. அஸ்தேக்கர்களின் மொழி அது; இன்றும் பேசப்படுகிறது. புவேப்லாவுக்கு வடக்கே, பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள், த்லஸ்காலா என்ற சிறிய நகரம். அந்த ஊர்க்காரரை நாவாத்லில் த்லஸ்-கல்-தே-கத்ல் என்பார்கள். நாவாத்லில் அழுத்தம் ஏறக்குறைய எப்போதும் கடைசிக்கு முந்திய அசையில்தான். ஸ்பானியர்கள் கடைசியில் இருந்த ‘த்ல்’ ஒலியை உதிர்த்தார்கள். த்லஸ்-கல்-தே-க. அழுத்தம் அதே ‘தே’யில் அசையாமல் நிற்கிறது, ஸ்பானிஷ் இயல்புக்கும் அது பொருந்திவிட்டது. வந்தேறிய மொழியின் விகுதிகளெல்லாம் ஊர்ப்பெயரின் அழுத்தத்தை இழுத்துக்கொண்டு போக, மண்ணின் விகுதி தன் அழுத்தத்தைத் தானே காத்துக்கொண்டிருக்கிறது. யு-க-தே-கொ, க்வ-தெ-மல்-தே-கொ, ச்ய-ப-னே-கொ என்று யுகாத்தான், குவாத்தமாலா, சியாப்பாஸ் ஊர்க்காரர்களையும் அதே விகுதியின் சாயலில்தான் அழைக்கிறார்கள். அவற்றில் மாயர்கள் வாழ்ந்த மண்ணும் உண்டு; நாவாத்ல் அங்கே விருந்தாளி. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

1591-இல் த்லஸ்காலாவிலிருந்து நானூறு குடும்பங்களை வடக்கே, வறண்ட எல்லைப்புறத்தில் குடியமர்த்தினார்கள். சால்த்தியோ நகரத்தின் ஒரு பகுதி அவர்கள் அமைத்ததுதான். நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, தலைமுறை தலைமுறையாக அவர்கள் த்லஸ்கல்தேகர் என்றே பதிவாகியிருக்கிறார்கள். நிலம் மாறிய பிறகும் நிலப்பெயர் மாறவில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஸ்பெயினின் வய்யதோலித் நகரத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவர் ‘த்ல்’ ஒலியில் ஒரு சொல்லைத் தொடங்குவதற்குச் சிரமப்படுவார். நடுவில் ஒரு குட்டி உயிர் புகுந்துவிடும். விளையாட்டு வீரர் என்ற சொல்லை அவர் அத்-லே-த என்று பிரிப்பார். மெக்சிகோக்காரர்கள் அ-த்லே-த என்பார்கள். எழுத்து ஒன்றே, அழுத்தமும் ஒன்றே. அசை உடைகிற இடம் மட்டும் வேறு. த்லஸ்காலாவையும் த்லால்பானையும் பிறந்ததிலிருந்து சொல்லி வருகிற வாய்க்கு ‘த்ல்’ ஒரே அசைக்குள் அடங்கிவிடுகிறது. ஸ்பானிஷ் அகாதமிகள் இரண்டு பிரிப்பையும் சரியென்று ஏற்றிருக்கின்றன. வரி முடிவில் சொல்லை உடைப்பதற்கும் அதே சலுகை. இது நல்ல முடிவு என்று உறுதியாக நினைக்கிறேன். ஒருவர் தன் மொழியின் ஊர்ச்சாயலை மறைக்க நினைத்தால் சொற்களை மாற்றிவிடலாம். மெட்டைக்கூட ஓரளவு அடக்கலாம். அசையை எங்கே உடைக்கிறோம் என்பது பேசுகிறவருக்கே தெரியாது. அந்த வய்யதோலித்காரரிடம் கேட்டேன். தான் பிரிக்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதேபோல பெரு நாட்டுக்காரரைச் சிலர் பெ-ர்வா-னொ என்று மூன்று அசையாகவும், நிதானமாகப் பேசும் சிலர் பெ-ரு-ஆ-னொ என்று நான்காகவும் சொல்வார்கள். எழுத்து விதிக்கு எப்போதும் மூன்றுதான். ஆஸ்திரியாக்காரருக்கு அழுத்தம் வைக்க இரண்டு இடங்களை அகராதியே அனுமதிக்கிறது.

பிறகு அர்ஜென்டினாவின் கோர்தொபாவுக்கு வேலை நிமித்தம் போனேன். கார்த் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர், 1573-இல் எழுந்தது, 1613 முதல் பல்கலைக்கழகம் உள்ளது. விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போன டாக்சிக்காரரிடம், மயேஸ்த்ரா கற்பித்தபடியே, நீங்கள் இந்த ஊர்தானா என்று கேட்டேன். ‘கொர்-தோஓ-பேஸ்’ என்றார். திரும்பக் கேட்டேன். மறுபடியும் அதே ‘தோஓ’.

என் நோட்டுக் கணக்கு அங்கே போதவில்லை. நீளம் ‘தொ’வில் இருந்தது, ஆனால் ஓங்கி விழுந்த அடி ‘பேஸ்’ மேலேதான். அந்த ஊர்ப்பேச்சின் அடையாளமே அது: அழுத்தம் விழும் அசைக்கு முந்தைய அசையை நீட்டுவது. மெஹிகானொ என்பதைக்கூட அவர்கள் மெ-ஹீஇ-கா-னொ என்றுதான் பாடுவார்கள். பாடுவது என்பதே சரியான சொல். அவர்களும் அதைத் ‘தொனாதா’, மெட்டு, என்றுதான் சொல்கிறார்கள். ஸ்பானியர் வருமுன் அந்த மலையடிவாரத்தில் வாழ்ந்த கொமெச்சின்கோன் மக்களின் பேச்சிலிருந்து வந்தது அது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். நெடிலும் அழுத்தமும் ஒன்றல்ல, ஒரே சொல்லில் அடுத்தடுத்த வீடுகளில் தனித்தனியாகக் குடியிருக்க முடியும் என்று என் தமிழ்க்காது பிரித்துக் கேட்டது அன்றைக்குத்தான். அந்த டாக்சியில் இறங்க மனமில்லாமல், தெருப்பெயர்களையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே போனேன்.

ஸ்பெயினின் கோர்தொபாவுக்குப் பின்னர் ஒரு விடுமுறையில் போனபோது அதே சொல்லின் வேறொரு முகம். ஒருவராக இருக்கும்போது கொர்தொபே. ஸகரம் மூச்சாகக் கரைந்துவிடுகிறது. பலரானால் ‘லோஸ் கொர்தொபேஸெஸ்’ என்று எழுதியிருப்பது ‘லொ கொர்தொபேஸே’ என்று வரும்; ஸகரங்கள் போன இடத்தில் கடைசி உயிர் அகலத் திறக்கிறது. பன்மை என்பதை அந்தத் திறப்பும் சொல்கிறது. மூன்று கண்டமும் கடலும் தாண்டி ஒரே நிலப்பெயர். மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்திலும் 1618-இல் எழுந்த ஒரு கோர்தொபா இருக்கிறது. அங்கே ஸகரம் போனாலும் உயிர் இப்படித் திறப்பதில்லை.

சான்தியாகோ என்ற பெயரில் ஊர்கள் எத்தனையோ. சிலியின் தலைநகரத்துக்காரர் ஸன்-த்ய-கீ-னொ. கியூபாவின் சான்தியாகோக்காரர் ஸன்-த்ய-கே-ரொ. அர்ஜென்டினாவின் சான்தியாகோ தெல் எஸ்தேரோக்காரர் ஸன்-த்ய-கே-ஞொ. கலீசியாவில் யாத்திரிகர்கள் நடந்து போய்ச் சேரும் சான்தியாகோக்காரர் ஸன்-த்ய-கேஸ், அல்லது கொம்-பொஸ்-தெ-லா-னொ. ஒரே புனிதரின் பெயர். விகுதிதான் ஊரைச் சொல்லும். இவற்றை யாரும் கூடி முடிவு செய்யவில்லை. அந்தந்த ஊர் தன் காதுக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொண்டது.

என் சொந்த நிலப்பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவில் பிறந்தவரை அகராதி ஈன்-த்யொ என்கிறது. மெக்சிகோவில் என்னை யாரும் அப்படி அழைக்கவில்லை. இன்-தூ என்றார்கள், இந்து. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர்களோடு சேர்ந்தே புவேப்லா கதீட்ரலில் முழந்தாளிட்டவன் நான். பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் பெற்றவன். ஆனாலும் இந்து. ஏன் என்று மயேஸ்த்ராவிடம் கேட்டபோது அவர் உடனே பதில் சொல்லவில்லை. அவருடைய பாட்டி வடக்கு மலைத்தொடரில் உள்ள க்வெத்ஸாலான் ஊர். வீட்டில் நாவாத்ல் பேசியவர். கொலம்பஸ் வந்திறங்கிய இடத்தை இந்தியா என்று எண்ணி அங்கிருந்தவர்களுக்கு வைத்த பெயர், சந்தையிலும் பள்ளியிலும் பாட்டியை அவமதிக்கப் பயன்பட்ட சொல்லாகிவிட்டது. அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேரே சொல்ல அவர்களுக்கு நாக்கு வராது. மதத்தின் பெயரை நாட்டின் பெயராக்கி எனக்குக் கொடுத்தது மரியாதையால்தான். அழுத்தம் முதல் அசையில் விழுந்தால் ஒரு காயம். கடைசி அசைக்குப் போனால் ஒரு விருந்தாளி. அன்றிலிருந்து நான் இன்தூ என்ற அழைப்பைத் திருத்தவில்லை.

ஆனால் மயேஸ்த்ரா அதோடு விடவில்லை. அவரிடம் நிலப்பெயர்களை அகர வரிசையில் எழுதி வைத்த தடித்த நோட்டு ஒன்று இருந்தது. பள்ளியில் வேலை பார்த்த காலத்திலிருந்து சேர்த்தது. உங்கள் மக்களுக்குப் பெயர் என்ன என்று கேட்டார். தமிழர் என்றேன். அகராதியில் அந்தச் சொல் இருந்தது. லகரத்தில் முடிவதால் கோடு இல்லாமலே கடைசி அசையில் அழுத்தம்: த-மீல். பெண்ணுக்கும் அதேதான். பலர் என்றால் த-மீ-லெஸ். தமௌலீப்பாஸ் மாநிலத்துக்காரருக்கும் குவாதலஹாராவின் தபதீயொக்களுக்கும் நடுவில் அதை எழுதிக்கொண்டார். நாங்கள் எப்படிச் சொல்வோம் என்று கேட்டு, ழகரத்தை என்னிடமிருந்து பலமுறை வாங்கிச் சொல்லிப் பார்த்தார். எந்த அசையில் அழுத்தம் என்று கேட்டார். எதிலும் இல்லை, இரண்டும் குறில், இரண்டும் சேர்ந்து ஒரே நிரையசை என்றேன். நிரையசை என்பதை விளக்க அன்றைய வகுப்பு முழுவதும் போயிற்று.

வேறு நாட்டிலும் தமீலெஸ் உண்டா என்று அடுத்த வகுப்பில் கேட்டார். இலங்கையைச் சொன்னேன். ஸகரத்தோடு மெய் சேர்ந்து சொல் தொடங்குவதை ஸ்பானிஷ் ஏற்காது. முன்னால் ஓர் எகரம் வந்துவிடும். எஸ்-ரி-லன்-கேஸ் என்று நான்கு அசையாக முகவாயைக் கையில் வைத்து எண்ணி, ‘கே’யின் தலையில் கோடு போட்டு, பெண்பாலிலும் பன்மையிலும் அந்தக் கோட்டை எடுத்து, மூன்று வடிவங்களையும் எகரப் பக்கத்தில் எழுதினார்.